ஆரோனின் மார்ப்பதக்கம்: தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று

சில வருஷங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் கூட்டம். பேச வந்த அன்பர் கையில் தமிழ் வேதாகமம். யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தைப் பிரித்து, பிரதான ஆசாரியனாகிய ஆரோன் மார்பில் அணிந்த பதக்கத்தின் பன்னிரண்டு கற்களையும் உரக்க வாசித்தார். பத்மராகம், புஷ்பராகம், மரகதம், வைடூரியம், கோமேதகம் என்று பெயர்கள் வர வர முன்வரிசைக்காரர்கள் தலையாட்டினார்கள். "பாத்தீங்களா, எல்லாம் நம்ம ஊர்க் கல், நம்ம ஊர்ப் பேர். மோசே காலத்திலேயே தமிழன் அங்கே கல் வித்திருக்கான், அதுக்கு வேதமே சாட்சி" என்று முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

சாலைக் கடைத்தெரு வழியாக வலியசாலைக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அவர் வாசித்தது தமிழ் மொழிபெயர்ப்பு. பத்மராகம் என்ற சொல் எபிரெய மூலத்தில் இல்லை. மொழிபெயர்த்தவர் போட்ட சொல் அது. அதைச் சாட்சியாக நிறுத்துவது, நாமே எழுதிய கடிதத்தை நமக்கு வந்த கடிதம் என்று காட்டுவது போல. நான் கணக்கு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வவுச்சர் இல்லாத கணக்கைப் பார்த்தால் தூக்கம் வராது. அன்று இரவே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிலிருந்து தெரிய வந்தவை சிலவற்றை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன். வேதத்தைப் பற்றியோ விசுவாசத்தைப் பற்றியோ எனக்கு வழக்கில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

தமிழ் வேதாகமத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715ல் அச்சில் கொண்டுவந்தார். பழைய ஏற்பாட்டை அவர் பாதியில் விட்டுப் போக, பெஞ்சமின் சூல்ட்சே 1728ல் நிறைவு செய்தார். பிறகு பப்ரிசியஸ்; அதன் பிறகு ஆறுமுக நாவலர் உதவியோடு பெர்சிவல் செய்து 1850ல் வந்த பதிப்பு; அப்புறம் 1871ல் போவர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு. இன்றும் பெரும்பாலான வீடுகளில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று இருப்பது அதன் வழிவந்ததே. ஆக, நம் கையிலுள்ள கற்களின் பெயர்களுக்கு வயது அதிகம் போனால் முந்நூறு வருஷம்.

இப்போது பதக்கத்துக்கு வருவோம். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், வரிசைக்கு மூன்றாக நாலு பத்தி. ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோத்திரத்தின் பெயர் முத்திரை வெட்டுவதுபோல் வெட்டப்பட வேண்டும் என்பது கட்டளை. தமிழ்ப் பட்டியலை நவரத்தினப் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நவரத்தினத்தில் முத்தும் பவளமும் கடலில் பிறப்பவை. மற்ற ஏழும் மண்ணில் கிடைக்கும் கற்கள். அந்த ஏழும், அதாவது வைரம், வைடூரியம், நீலம், மாணிக்கம், மரகதம், புஷ்பராகம், கோமேதகம் ஆகிய ஏழும், ஒன்று விடாமல் ஆரோனின் பதக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன! மீதி ஐந்து இடத்துக்கு என்ன செய்தார்கள்? பத்மராகம், கெம்பு, சுகந்தி, படிகப்பச்சை, கடைசியில் யஸ்பி. யஸ்பி எபிரெயச் சொல்லின் ஒலிபெயர்ப்பு.

இந்தப் பட்டியலைச் சாலையில் எனக்குப் பழக்கமான நகை வேலை செய்யும் ஆசாரியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "சாரே, பத்மராகம், மாணிக்கம், கெம்பு மூணும் ஒண்ணுதானே? ஒரே கல்லுக்கு மூணு தடவை காசு வாங்கினானா?" என்றார். உண்மைதான். மூன்றும் சிவப்புக்கல்லின் பெயர்கள். பழைய இரத்தின நூல்கள் மாணிக்கத்தில் சௌகந்திகம் என்றும் ஒரு வகை சொல்கின்றன. சுகந்தி அதை நினைவுபடுத்துகிறது. அதையும் சேர்த்தால் நாலு. பன்னிரண்டு கோத்திரத்துக்குப் பன்னிரண்டு வேறு வேறு கல் என்பதுதான் மூலத்தின் கருத்து. தமிழ் வாசகன் மனக்கண்ணில் மூன்று நாலு கோத்திரம் ஒரே கல்லில் மின்னுகிறது.

அடுத்து நான் சொன்னதுதான் அவரை நிமிர வைத்தது. "இதிலெல்லாம் பேர் வெட்டணும்." அவர் சிரித்துவிட்டார். "வைரத்திலேயா? மாணிக்கத்திலே வெட்டறதே பெரும்பாடு. பேர் வெட்டணும்னா இளசான கல்லு எடுக்கணும் சாரே." கல்லின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கிறார்கள். வைரம் பத்து, மாணிக்கமும் நீலமும் ஒன்பது, படிக இனங்கள் ஏழு. பண்டை எகிப்திலும் பாபிலோனிலும் முத்திரை வெட்டியது பெரும்பாலும் ஏழும் அதற்குக் கீழும் உள்ள கற்களில்தான். ஆறாவது கல்லாகிய 'யாகலோம்' என்பதை வச்சிரம் என்று தமிழ் சொல்கிறது. அந்தக் காலத்தில் வைரத்தில் எழுத்து வெட்ட வழியில்லை. எரேமியா தீர்க்கதரிசி பாவம் எழுதப்படும் கருவியைச் சொல்லுமிடத்தில் (17ஆம் அதிகாரம்) தமிழில் இரும்பெழுத்தாணியும் வைர நுனியும் வருகின்றன. ஓலையில் எழுதியவன் மொழிபெயர்ப்பில் எழுத்தாணி வந்து விழுவது எவ்வளவு இயல்பு! வெட்டும் நுனிக்கு வைரம் சரி, வெட்டப்படும் கல்லுக்கும் வைரம் என்றால் இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று யாரும் கேட்கவில்லை போலும்.

நாம் கேரளத்தில் வாழ்வதில் ஒரு லாபம் உண்டு. பக்கத்து வீட்டில் மலையாள சத்தியவேதபுஸ்தகம் இருக்கும். 1910ல் வந்த அந்த மொழிபெயர்ப்பை இரவல் வாங்கி, அதே இடத்தைப் பார்த்தேன். ஒரே மூலத்தின் கற்கள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வேறாக இருக்கின்றன!

முதல் கல், எபிரெயத்தில் 'ஓதெம்'. சிவப்பு என்ற வேரிலிருந்து வந்த சொல். இதைச் செம்மை கலந்த பழுப்புநிறக் கல் என்றே அறிஞர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். நம் கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் மணிமணியாகக் கிடைக்கும் சூதுபவளம் அதுதான். தமிழ் இதற்கு இட்ட பெயர் பத்மராகம். மலையாளம் தாம்ரமணி என்கிறது. செம்பு நிறக் கல். எவ்வளவு அடக்கமான, எவ்வளவு சரியான சொல்! இரண்டாவது கல் 'பித்தா'. இதை வடமொழியின் 'பீத' (மஞ்சள்) என்ற சொல்லோடு இணைத்துப் பார்க்கும் சொல்லாராய்ச்சியாளர் உண்டு. தமிழில் புஷ்பராகம், மலையாளத்தில் பீதரத்தினம். தெரிந்தே போட்டார்களோ, நிறத்தை மட்டும் பார்த்துப் போட்டார்களோ, சொல் வந்து பொருந்தியிருக்கிறது.

மூன்றாவது கல்லில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். எபிரெயத்தில் 'பாரெகெத்'. மின்னல் என்ற சொல்லின் உறவு. கிரேக்கத்தின் 'ஸ்மாரக்தோஸ்', வடமொழியின் 'மரகத', இரண்டும் இந்தச் சொல்லின் குடும்பம் என்பது மொழியியலாரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா யூதர்கள் ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது மூன்றாவது இடத்தில் ஸ்மாரக்தோஸ் என்றே எழுதினார்கள். லூத்தரின் ஜெர்மன் வேதமும் அப்படியே. மலையாளத்தில் மரதகம் என்று அதே குடும்பத்துச் சொல் அதே இடத்தில் நிற்கிறது. தமிழில் அந்த இடத்தில் சிவப்பு மாணிக்கம்! மரகதம் ஓர் இடம் தள்ளி நாலாவதற்குப் போய்விட்டது. காரணம் தேடினால் 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதத்தில் மூன்றாவது 'கார்பங்கிள்', அதாவது தணல் நிறச் சிவப்புக்கல், நாலாவது எமரால்டு. தமிழ்ப் பட்டியலின் வரிசை இந்த ஆங்கில வரிசையோடு கல்லுக்குக் கல் ஒத்துப்போகிறது. மூலத்தின் பேரன் நம் வீட்டிலேயே இருக்க, வாசலில் வேறொருவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

மலையாளத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கும் மாணிக்யம், பத்மராகம் என்று சிவப்பு இரண்டு முறை வருகிறது. பீதரத்தினம் போட்ட பிறகு பத்தாவது இடத்தில் மறுபடி புஷ்பராகம். அங்கும் வஜ்ரம் இருக்கிறது. ஆனால் முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் செம்பு நிறம், மஞ்சள், பச்சை என்று மூன்று தனி நிறங்கள் கண்ணில் தெரிகின்றன. தமிழில் சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு.

ஐந்தாவது கல் இரண்டு மொழியிலும் நீலம். எபிரெயச் சொல் 'சப்பீர்'. இன்றைய 'சஃபயர்' இந்தச் சொல்லின் வழிவந்தது என்பதால் எல்லா மொழியிலும் நீலக்கல் என்றே போட்டார்கள். ஆனால் யோபு 28ஆம் அதிகாரம் இந்தக் கல்லைச் சொல்லும்போது பொற்பொடியையும் கூடவே சொல்கிறது. நம் இலங்கை நீலத்தில் பொற்பொடி ஏது? ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் சுரங்கத்திலிருந்து வந்த ஆழ்நீலக் கல்லில்தான் மஞ்சள் மினுக்குப் புள்ளிகள் இருக்கும். வடமொழி இரத்தின நூல்களில் அதற்கு ராஜாவர்த்தம் என்று பெயர். கிரேக்கரும் ரோமரும் சப்பீர் என்றால் பொன்புள்ளிக் கல் என்றே வருணித்தார்கள். யோபுவின் வசனம் தமிழில் பொற்பொடியை ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கல்லை மட்டும் இந்திரநீலமாக்கிவிட்டது.

குறை மட்டும் சொல்லிப் போவது விமரிசனம் ஆகாது. ஆங்கிலத்தை விட்டுத் தமிழ் துணிந்து விலகிய இடமும் உண்டு. 'பெனீனிம்' என்று ஒரு சொல். குணசாலியான பெண்ணின் விலை இதைவிட உயர்ந்தது என்று நீதிமொழிகள் 31ல் வரும். ஞானத்தின் விலையும் இதைவிட உயர்ந்தது. ஆங்கிலம் இங்கே மாணிக்கம் என்கிறது. தமிழ் முத்து என்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களின் மொழிக்கு வேறு எது தோன்றும்? ஆனால் புலம்பல் 4ல் அதே சொல் சிவப்புக்கு உவமையாக வருகிறது. முத்து எப்படிச் சிவக்கும்? மொழிபெயர்ப்பாளர் அங்கே பவளம் என்று மாற்றிக்கொண்டார். மலையாளமும் இதையே செய்திருக்கிறது. இரண்டு இடத்திலும் பவளம் என்றே வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். எபிரெய அறிஞர்கள் பலரின் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் கடலில் பிறந்தது என்ற மட்டில் தமிழ் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறது.

கல்லை விட்டுப் பொன்னுக்கு வந்தால் கதையே வேறு. அங்கே மொழிபெயர்ப்பாளர்களின் தமிழைப் பார்த்து நான் பிரமித்துப் போனேன். வெள்ளியைச் சோதிப்பது குகை, பொன்னைச் சோதிப்பது புடம். கலப்பில்லாதது பசும்பொன். ஓப்பீரிலிருந்து வருவது தங்கம். கல் உட்காரும் பொன் இருப்பிடம் குவளை. இவையெல்லாம் பட்டறைச் சொற்கள். தட்டாரிடம் கேட்டு எழுதினார்களோ, கூட இருந்த தமிழ்ப் பண்டிதர் சொன்னாரோ, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கச்சிதமாக இருக்கிறது. இன்னொன்று பாருங்கள். எபிரெயத்தில் 'எபென்' என்றால் கல். எடைக்கும் அதே சொல்தான். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை வைக்காதே என்று உபாகமம் 25 வியாபாரியை எச்சரிக்கும் இடத்தில் தமிழ் நிறைகல் என்று எழுதியது. நமக்கும் எடை கல்தானே! "எடைக்கல்" என்றுதான் சாலைக் கடையில் நேற்றுவரை சொன்னோம். ஆங்கில வேதத்தில் அந்தக் கல் காணாமல் போய்விட்டது. தமிழில் பத்திரமாக இருக்கிறது.

எடைக்கல் என்றதும் எனக்கு வலியசாலை ஞாபகத்துக்கு வருகிறது. இங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலையும் அதன் சுற்றுப்புறத்தையும்தான் இராசராசனின் மெய்க்கீர்த்தி முதல் வெற்றியாகச் சொல்லும் காந்தளூர்ச்சாலை என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கே அவன் செய்தது போரா, வேறேதாவதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நான் சொல்ல வந்தது அவன் தஞ்சையில் எழுதி வைத்த கணக்கு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தார்கள். இரத்தினம் பதித்த நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுத்தார்கள். கோயிலுக்கென்று தனி எடை, அதற்குச் சாமி பெயர். யாத்திராகமத்திலோ எல்லாம் 'பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல்' கணக்கில். அங்கும் கோயில் எடைதான்!

அந்தக் கணக்கைச் சரிபார்த்தேன், தொழில்தோஷம். யாத்திராகமம் 38ல் ஆசரிப்புக் கூடாரத்துக்குச் செலவான பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். வெள்ளி தலைக்கு அரைச் சேக்கல் வீதம் 6,03,550 பேரிடம் வாங்கியது. பாதியாக்கினால் 3,01,775. ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்றால் நூறு தாலந்து போக மீதி 1,775. ஒரு சேக்கல் கூட உதைக்கவில்லை. தஞ்சைக் கணக்கர் இதற்கும் ஒரு படி மேலே போனார். சிவப்புக் கற்களில் எதில் குழி, எதில் வெட்டு, எதில் துளை, எதில் வெண்புள்ளி என்று குறையையும் கல்லில் வெட்டி வைத்தார். சாமிக்குக் கொடுத்தது என்பதற்காக நொள்ளைக் கல்லை நல்ல கல் என்று எழுதவில்லை. 2011ல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் திறந்தபோது லட்சம் கோடி என்று பத்திரிகைகள் போட்ட மதிப்பைப் படித்தபோதெல்லாம் எனக்கு அந்தத் தஞ்சைக் கணக்கர் நினைப்புத்தான்.

இனி கூட்டத்தில் பேசிய அன்பரின் கேள்விக்கு வருவோம். நம்ம பொருள் அங்கே போகவேயில்லையா? போகவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் சான்றாகக் கொள்வது என்பதுதான் கேள்வி. நம் தெற்கே நெய்யாறு கடலில் கலக்கும் பூவார்தான் சாலொமோனின் கப்பல்கள் வந்த ஓப்பீர் என்று சுற்றுலாப் புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. ஓப்பீர் என்று ஓர் ஊர்ப்பெயர் பொன்னோடு சேர்ந்து வழங்கியது உண்மை. டெல் அவீவ் அருகே டெல் காசிலேயில் 1946ல் கிடைத்த பானை ஓட்டில் ஓப்பீர்ப் பொன் 30 சேக்கல் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் ஓப்பீரை அரபு நாட்டுச் சேபாவோடும் ஆவிலாவோடும் சகோதரனாக வைக்கிறது. கொண்டுவந்த பொன்னின் அளவிலேயே இராஜாக்கள் புத்தகம் 420 தாலந்து என்க, நாளாகமம் 450 என்கிறது. அரேபியா, ஆப்பிரிக்கக் கரை, மும்பை அருகே சோபாரா என்று உரிமை கொண்டாடுவோர் பலர். இந்த வரிசையில் பூவாருக்கு இருப்பது பெயரின் ஓசை ஒன்றுதான்.

சாலொமோனின் கப்பலில் வந்த 'துக்கீம்' என்ற பறவைகளை எடுத்துக்கொண்டால் நிலைமை கொஞ்சம் தேவலை. அது தமிழ்த் தோகை என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) எடுத்துக்காட்டினார். மறுப்போர் உண்டு. ஆனால் அந்தச் சொல் எபிரெய மூலத்திலேயே இருக்கிறது; அதனால் வாதம் செய்ய இடம் இருக்கிறது. வைடூரியமும் அப்படியே. பிராகிருதத்தின் வேளுரியம் கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆயிற்று. அந்தச் சொல்லை அலெக்சாந்திரியா யூதர்கள் தங்கள் கிரேக்கப் பதக்கத்தில் பதினோராவது இடத்தில் பதித்தார்கள். காங்கேயம் பக்கத்துப் படியூரில் அந்தக் கல் கிடைத்தது. கொடுமணலில் அதைப் பட்டை தீட்டிய பட்டறைகளை அகழாய்வில் கண்டார்கள். ஆக, இந்தியச் சொல் ஒன்று வேதத்தின் கிரேக்க உருவத்தில் ஏறியிருக்கிறது, மோசே காலத்தில் அல்ல, அதற்கு ஆயிரம் வருஷம் கழித்து. தமிழிலோ வைடூரியம் எட்டாவது இடத்தில், வேறொரு கல்லுக்கு. மரகதமோ நேர் எதிர். அது அங்கிருந்து இங்கே வந்த சொல்லாகத்தான் தோன்றுகிறது. கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய பட்டியலில் இப்படிப் போனதும் உண்டு, வந்ததும் உண்டு, இரண்டுமில்லாமல் அச்சுக்கூடத்தில் பிறந்ததும் உண்டு.

பொன் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சான்று கேரளத்திலேயே இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய யூதர் ஜெபாலயத்தில், தோரா சுருளின் தலையில் வைக்கும் பொற்கிரீடம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் கொடுத்தது. கிரீடத்தின் கீழே சுருண்டிருக்கும் தோலில் ஓதெம், பித்தா, பாரெகெத் என்று மூலச் சொற்கள் எழுத்து மாறாமல் இருக்கின்றன.

என் தமிழ்ப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வருகிறேன். ஒன்றாவதற்கு எதிரே சூதுபவளம். இரண்டாவதில் கை வைக்கவில்லை. மூன்றுக்கு மரகதம். ஐந்துக்கு ராஜாவர்த்தம். ஒன்பதுக்கு இப்போது எல்லோரும் சொல்லும் செவ்வந்திக்கல். பன்னிரண்டாவது யஸ்பியை அப்படியே விட்டுவிட்டேன். தெரியாத கல்லுக்குத் தெரிந்த பெயர் வைக்காத அந்த மொழிபெயர்ப்பாளரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆறாவதற்கு எதிரே வச்சிரம் என்பதை அடித்தேன். பக்கத்தில் எழுத இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆசாரி தினமும் கேட்கிறார்.